காற்று விழும் நேரத்தில் எதை நம்புவது: நீர்த்தேக்கமா, பேட்டரியா, முன்கணிப்பா?

ஆடி மாதத்தில் பட்டிப்பொல ஸ்டேஷனில் இறங்கி அம்பேவலைப் பக்கம் நடந்தால் குடையை விரிக்க முடியாது. போன ஆடியில் நானும் சித்தப்பா மகனும் குடையை மடித்து இடுக்கிக்கொண்டுதான் நடந்தோம். புல்வெளிக்கு மேலே காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் சேர்த்து 3 மெகாவாட். பனி மூடுவதும் விலகுவதுமாக இருந்தது. விலகிய ஒரு நேரத்தில் பார்த்தால், மற்றவை சுற்றிக்கொண்டிருக்க ஒன்று மட்டும் வேகம் குறைந்து குறைந்து, கடைசியில் நின்றேவிட்டது. காற்றோ எங்களையே தள்ளுகிறது.

"இவ்வளவு காத்து அடிக்குது, இது ஏன்ணே நிக்குது?" என்று தம்பி கேட்டான்.

அவன் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் எலக்ட்ரீஷியன். பழுதா, பராமரிப்பா, காற்று அளவு மீறியதா என்று கீழே நின்றபடி என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. காற்றாலை மின்சாரம் சட்டென்று விழுவதற்குக் காற்று நிற்க வேண்டும் என்றே இல்லை. காற்று கூடினாலும் விழும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. மின்சாரத் திட்டங்களுக்குப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும்போது மலையகத்திலிருந்தும் இரண்டு பக்கம் போகட்டும் என்று எங்கள் வாசகர் வட்டத்தில் பேசிக்கொண்டோம். இலங்கையில் காற்றாலை கூடக் கூட, அது திடீரென விழும் நேரத்தைத் தாங்குவதற்கு முதல் காசை எதில் போட வேண்டும்? ஆளுக்கொன்று சொன்னார்கள். நம்மிடம்தான் இத்தனை நீர்த்தேக்கம் இருக்கிறதே, அது போதும் என்றார் ஒருவர். பேட்டரி என்றார் இன்னொருவர். தண்ணீரை மேலே ஏற்றிச் சேமிக்கும் நிலையம், எண்ணெயில் ஓடும் எந்திரம், காற்றை முன்கூட்டியே கணிப்பது என்றும் வந்தன. என் முடிவைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் விழுகை எப்படி வருகிறது என்று பார்க்காமல் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

காற்றில் உள்ள சக்தி வேகத்தின் கனத்துக்கு, அதாவது வேகத்தை மூன்று முறை பெருக்கி வரும் எண்ணுக்கு, ஏற்பக் கூடும். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று 8 மீட்டராகக் குறைந்தால், வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. மின்சாரமோ ஏறக்குறையப் பாதியாகிவிடும். 7 மீட்டரானால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். முகத்தில் படும் காற்றில் நமக்குப் பெரிய வித்தியாசமே தெரியாது. நாட்டு மின்சாரத்தைக் கவனிக்கும் கண்ட்ரோல் ரூமில் தெரியும். ஆனால் இது நடு வேகத்தில் மட்டும்தான். ஏறக்குறைய 12, 13 மீட்டரைத் தாண்டியதும் காற்றாலை தன் முழு அளவை எட்டிவிடும். அதற்கு மேல் காற்று கூடினாலும் குறைந்தாலும் இறக்கைகளைத் திருப்பி அதே அளவில் வைத்துக்கொள்ளும். ஆகவே பலமான காற்றடிக்கும் நாள் பெரும்பாலும் சாதுவான நாள். தொல்லை தருவது நடுத்தரமான காற்றுள்ள நாள்தான்.

பெரும்பாலான காற்றாலைகள் விநாடிக்கு 25 மீட்டரை, அதாவது மணிக்கு 90 கிலோமீட்டரை, காற்று தாண்டினால் தம்மைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். முழு அளவில் ஓடிக்கொண்டிருந்தது சில விநாடிகளில் பூச்சியமாகும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமழைக்கு முன்னால் ஒரு குளிர்காற்று அடித்துக்கொண்டு வரும் அல்லவா? மேகத்திலிருந்து மழையோடு கீழே விழும் குளிர்ந்த காற்று தரையில் மோதிப் பரவுவதுதான் அது. பத்து நிமிடத்தில் காற்றாலையை ஏற்றி, அடுத்த பத்து நிமிடத்தில் இறக்கிவிட அதனால் முடியும்.

நம் மலைகளுக்கென்று இன்னொரு குணம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று ஹற்றன், நுவரெலியாப் பக்கம் ஏறி மழையைக் கொட்டிவிட்டு, ஊவாப் பக்கம் வறண்டு இறங்கும். வெலிமடை, பண்டாரவளைக்காரருக்கு அந்தக் காற்றைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மலைமுகட்டில் மோதி உடைந்து வரும் அந்தக் காற்று சீராக வராது. குத்திக் குத்தி வரும். சவுக்கு மரவரிசைக்குப் பின்னால் நின்று பாருங்கள், ஒரு நிமிடத்துக்குள் மூன்று திசையிலிருந்து அடிக்கும். அதோடு, கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி மன்னார்க் கரையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஒரே வேகத்துக்கு அங்கே கிடைப்பது இங்கே கிடைக்காது. நாட்டின் பெரிய காற்றாலைகள் கரையோரத்தில்தான் நிற்கின்றன. மன்னாரில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனியில் 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாட்.

சரி, காற்றுக்கே சம்பந்தமில்லாத விழுகையும் உண்டு. 2016 செப்டம்பர் 28 அன்று தென் ஆஸ்திரேலியாவில் புயல் மின்கோபுரங்களைச் சாய்த்தது. மின்னழுத்தம் அடுத்தடுத்துப் பலமுறை தாழ்ந்தது. அங்கிருந்த காற்றாலைகள் சிலவற்றில், இத்தனை முறை தாழ்ந்தால் விலகிக்கொள் என்று உள்ளே ஒரு எண் பதியப்பட்டிருந்தது. காற்று நன்றாக வீசிக்கொண்டிருக்கும்போதே 7 விநாடிக்குள் 456 மெகாவாட் காணாமல் போனது. மாநிலம் முழுக்க இருட்டு. மின்சாரக் கட்டமைப்பை நடத்தியவர்களுக்கே அந்த எண் முன்கூட்டித் தெரியாது. பிறகு அந்த அமைப்பை மாற்றினார்கள்.

ஆக, சிக்கல் ஒன்றல்ல. விநாடிக் கணக்கில் வருவது ஒன்று, நிமிடக் கணக்கில் வருவது ஒன்று, மணிக் கணக்கில் வருவது இன்னொன்று. ஒன்றுக்கு உதவுவது இன்னொன்றுக்கு உதவாது. எங்கள் வட்டத்தில் நடந்த வாக்குவாதத்தில் பாதி, ஆளுக்கொரு சிக்கலை மனதில் வைத்துக்கொண்டு பேசியதால் வந்தது.

முதலில் தண்ணீர். தம்பியின் அப்பா, அதாவது எங்கள் சித்தப்பா, நீர்மின் நிலையத்தில் ஒப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேசும்போது கவனித்திருக்கிறேன், "மெகாவாட்" என்று தொடங்கவே மாட்டார். "மீடிறன்" என்றுதான் தொடங்குவார். மின்சாரம் விநாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற எண் அது. நாட்டில் எல்லா எந்திரமும் ஒன்றோடொன்று இசைந்து சுற்றி அதை 50 ஹேர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 50 அலையில், வைத்திருக்க வேண்டும். உற்பத்தி குறைந்தால் மீடிறன் தாழும், கூடினால் ஏறும். அதை நிமிடத்துக்கு நிமிடம் பிடித்து நிறுத்தும் வேலை பெரும்பாலும் நம் மலையகத்து நீர்மின் நிலையம் ஒன்றின் தலையில்தான் விழுகிறது. விக்டோரியா 210 மெகாவாட், கொத்மலை 201 மெகாவாட். ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு நீர்ச்சுழலி சில பத்து விநாடிகளில் நிறையவே ஏறி இறங்கும். நின்றிருப்பது சில நிமிடங்களில் முழு அளவுக்கு வரும். நிலக்கரியால் இது ஆகாது. "மன்னாரில் காத்து விழுந்தா, கொத்மலையில வால்வு திறக்கும்" என்று சித்தப்பா ஒரே வரியில் சொல்வார்.

கட்டியாகிவிட்டது, வேகமானது, எரிபொருள் இறக்குமதி இல்லை. பிறகு எதற்கு வேறு வழி? நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். மாத வாரியாக எழுதிப் பார்த்தபோது மனம் மாறியது. மன்னாரில் காற்று பலமாக இருப்பது மே முதல் செப்டம்பர் வரை. அதே தென்மேற்குப் பருவம்தான் காசல்ரீயையும் மவுசாக்கலையையும் நிரப்புகிறது. தேக்கம் நிரம்பி வழியும் நாளில் எந்திரத்தைக் குறைத்து ஓட்டினால், கேட் வழியாகத் தண்ணீர் சும்மா போகும். காற்றுக்கு இடம் விட நீரைக் கொட்டினோம் என்றாகும். முழு அளவில் ஓடும் எந்திரமோ, காற்று விழும்போது ஏறிக்கொடுக்க முடியாது. ஏற அதில் இடமே இல்லை. விக்டோரியா, ரந்தெனிகல பக்கம் நிலைமை வேறு. அவற்றின் தண்ணீருக்குக் கீழே வயல்கள் காத்திருக்கின்றன. எப்போது எவ்வளவு விடுவது என்பதை மின்சாரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. தலவாக்கலையில் உள்ள மேல் கொத்மலை 150 மெகாவாட் கொண்டது, ஆனால் அதன் குளம் சிறியது. ஆற்றில் வருவதை வைத்துத்தான் ஓட வேண்டும். பங்குனியில் தேக்கங்கள் வற்றிக் கிடக்கும்போது என்ன ஆகும் என்று நாம் பார்த்தே இருக்கிறோம்.

ஆற்றோரத்து ஆட்களைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும். எந்திரம் ஏறி இறங்க, நிலையத்துக்குக் கீழே ஆறும் ஏறி இறங்கும். துணி துவைக்கவும் குளிக்கவும் இறங்குபவர்கள் நம்மவர்கள். நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கிய ஆறு இனி இருபது தடவை ஏறி இறங்கப் போகிறது என்றால், அதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். எச்சரிக்கைச் சங்கு ஆற்றில் குளிக்கும் ஒவ்வொரு துறைக்கும் கேட்க வேண்டும். தண்ணீர் வழியைத் தேர்ந்தெடுப்பதென்றால் இதையும் அதன் விலையில் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

பேட்டரி இதற்கு நேர் எதிர். விநாடியின் சிறு பங்கில் வேலை செய்யும், ஆனால் சீக்கிரம் தீரும். தென் ஆஸ்திரேலியா அந்த இருட்டுக்குப் பிறகு 2017இல் ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட் பேட்டரி வைத்தது. அதன் கொள்ளளவு 129 மெகாவாட் மணி. முழு வேகத்தில் கொடுத்தால் ஒன்றே கால் மணி நேரத்தில் காலி. இதைக் கேட்டதும் வட்டத்தில் ஒருவர், "அவ்வளவு காசு கொட்டி ஒன்றே கால் மணி நேரத்துக்கா?" என்றார். ஆனால் திடீர் விழுகைக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது.

ஒரு காற்றாலைப் பண்ணை அரை மணி நேரத்தில் 100 மெகாவாட்டிலிருந்து 20க்கு ஒரே சீராக இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அரை மணி முழுக்கப் பேட்டரியே தாங்கினால், சராசரி 40 மெகாவாட், அரை மணி. 20 மெகாவாட் மணி போதும். இறங்கத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் ஒரு நீர்ச்சுழலி தயாராகி மீதியை எடுத்துக்கொண்டால், அந்தப் பத்து நிமிடத்துக்குத் தேவை 2 மெகாவாட் மணி சொச்சம்தான். ஒன்பதில் ஒன்று! தண்ணீரும் பேட்டரியும் போட்டி இல்லை. முதல் பத்து நிமிடத்தைப் பேட்டரி பிடித்தால், தண்ணீர் அவசரப்படாமல் வரலாம். அப்போது ஆறும் திடுமென ஏறாது. மாலை வேளையில் விளக்கெரிய நாலு மணி நேரப் பேட்டரி வேண்டும் என்பது வேறு தேவை. அதை இதோடு குழப்பக் கூடாது.

விநாடிக் கணக்கு ஏன் முக்கியம் என்பதை 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பார்த்தோம். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் நாடே இருண்டது. காற்றால் வந்ததல்ல அது. ஆனால் ஞாயிறு முற்பகல், தேவை குறைவு, கூரைச் சூரிய மின்சாரம் நிறைய, கனமாகச் சுற்றும் எந்திரங்கள் குறைவு. திடீர் தட்டைத் தாங்குவது கனமான எந்திரங்களின் சுழற்சிதான்; அது குறைந்த நேரத்தில் கட்டமைப்பு லேசானது. சிறு தட்டுக்கும் ஆடும். இந்தியாவோடு இணைக்கும் கம்பியும் நமக்கு இல்லை. தீவு தன்னைத் தானேதான் தாங்க வேண்டும். பேட்டரிக்குக் குறை இல்லாமல் இல்லை: டொலரில் வாங்க வேண்டும், பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்ற வேண்டும், தீப் பாதுகாப்பு ஒழுங்காக இருக்க வேண்டும். ஆனால் ஒரு மலையையும் குடைய வேண்டாம், ஒரு குடும்பத்தையும் எழுப்ப வேண்டாம்.

அதைச் சொல்லும்போதே மூன்றாவது வழி வந்துவிடுகிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேல் தேக்கத்துக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்குவது. மகா ஓயாவில் 600 மெகாவாட்டுக்குத் திட்டம் இருக்கிறது. மேல் தேக்கம் அரநாயக்கப் பக்கம், கீழ்த் தேக்கம் நாவலப்பிட்டிப் பக்கம். நாலு பங்கு மின்சாரத்தை உள்ளே கொடுத்தால் மூன்று பங்குக்குக் கொஞ்சம் கூடத் திரும்பும். மணிக் கணக்கான விழுகைக்கு இதைவிட நல்லது இல்லை, உண்மைதான். ஆனால் 2016 மே 17 அன்று அதே அரநாயக்கவில் மலை சரிந்து மக்கள் ஊரோடு புதைந்தார்கள். 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நம்மில் யாரும் மறக்கவில்லை. மேல் கொத்மலைக்காகத் தலவாக்கலையில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம் மாறியதும் நேற்று நடந்தது போல இருக்கிறது. வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மண்சரிவு ஆய்வின் முழு விவரமும் தமிழிலும் சிங்களத்திலும் அந்த ஊர்க்காரர் கைக்கு வந்த பிறகு பேசலாம். எப்படியும் கட்டி முடிக்கப் பல வருடம் ஆகும். இந்த வருடக் காற்றுக்கு அது மருந்தாகாது.

எண்ணெய் எந்திரத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. வேகமாகத் தொடங்கும், நம்பலாம், விலை தாங்காது. 2022 மார்ச் கடைசியில் எண்ணெய்க்கு டொலர் இல்லாமல் நாளுக்கு 13 மணி நேரம் இருட்டில் இருந்தோம். கடைசிக் காவலாக வைத்திருக்கலாம்.

முன்கணிப்பும் கட்டுப்பாடும்தான் கூட்டத்தில் யாருமே பெரிதாக எடுக்காத வழி. என் மனம் அதில்தான் நிற்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸில் 2008 பெப்ரவரி 26 மாலை, காற்று மின்சாரம் மூன்று மணி நேரத்தில் 1,700 மெகாவாட்டிலிருந்து 300க்கு இறங்கியது. அதே நேரத்தில் மக்களின் தேவை எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியது. வேறு சில நிலையங்களும் சொன்ன அளவு கொடுக்கவில்லை. அவசர நிலை அறிவித்து, பெரிய ஆலைகளின் மின்சாரத்தைக் குறைத்துத்தான் சமாளித்தார்கள். இதில் மனதை உறுத்துவது ஒன்று. காற்று விழப்போவதை ஏறக்குறையச் சரியாகச் சொன்ன ஒரு கணிப்பு அன்றே அவர்களிடம் பரீட்சார்த்தமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கண்ட்ரோல் ரூமின் அன்றாடத் திட்டத்தில் அதைச் சேர்த்திருக்கவில்லை. தகவல் ஒரு பக்கம், முடிவெடுக்கும் கை ஒரு பக்கம்.

கணிப்புக்கும் எல்லை உண்டு. வானிலை மாதிரிகள் நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்துப் பார்ப்பவை. மன்னார் போலத் தட்டையான கரையில் அது சரியாக வரும். இங்கே ஒரு சதுரத்துக்குள்ளேயே ஒரு முகடும் இரண்டு பள்ளத்தாக்கும் அடங்கிவிடும். அம்பேவலைக் காற்றை அம்பேவலையில் கருவி வைத்து அளந்தால்தான் உண்டு. இடிமழையின் குளிர்காற்றை முதல் நாளே சொல்ல முடியாது. அரை மணிக்கு முன் சொல்லலாம். அந்த அரை மணி போதும் என்பதுதான் மேலே போட்ட கணக்கு.

கட்டுப்பாட்டில் பலருக்குத் தெரியாத ஒரு பக்கம் இருக்கிறது. காற்றாலை ஏறும் வேகத்தை எப்போது வேண்டுமானாலும் கட்டலாம். இறக்கைகளைத் திருப்பினால் முடிந்தது. விழும் வேகத்தைக் கட்ட முடியாது, இல்லாத காற்றை யாரும் பிடித்து வைக்க முடியாது. காற்று விழப்போகிறது என்று முன்பே தெரிந்தால் மட்டும், மெல்ல மெல்ல முன்கூட்டியே இறக்கிக்கொண்டு வரலாம். அதேபோல், 25 மீட்டரில் படக்கென்று நிற்பதற்குப் பதிலாக, அதற்கு முன்பிருந்தே படிப்படியாகக் குறைந்துகொண்டு வரும்படி இப்போதைய காற்றாலைகளில் அமைக்கலாம். பெரும்பாலும் மென்பொருள் வேலை. தென் ஆஸ்திரேலியாவை இருட்டாக்கியது போன்ற உள் எண்கள் ஒவ்வொரு காற்றாலையிலும் என்னவென்று எழுதி வாங்குவதற்கு ஒரு கடிதச் செலவுதான்.

காற்றாலைகளை நாடு முழுக்கப் பரப்பி வைத்தால் போதாதா என்று தம்பி கேட்டான். நிமிடக் கணக்குக்கு உதவும். மன்னாரில் விழும் அதே நிமிடம் புத்தளத்திலும் விழாது. ஆனால் பருவக்காற்று என்பது ஒரே காற்று. அது சோர்ந்தால் இரண்டு நாளைக்கு எல்லா இடத்திலும் சோரும்.

ஆகவே எங்கள் இரண்டு பக்கத்தில் நான் எழுதப்போகும் வரிசை இது. முதல் காசு கணிப்புக்கும் காற்றாலைகளின் உள் அமைப்புக்கும். செலவு குறைவு, மற்ற எல்லா வழியையும் மலிவாக்குவது இதுதான். இரண்டாவது, காற்றாலைகள் இணையும் உபமின் நிலையங்களில் அரை மணியிலிருந்து ஒரு மணி தாங்கும் பேட்டரி. மூன்றாவது, புதிய அணை கட்டுவதற்கு முன், இருக்கும் அணைகளிலேயே கூடுதல் எந்திரம் வைப்பது. அதே தண்ணீரைக் கொஞ்ச நேரத்தில் அதிகமாக இறக்க முடிந்தால் விழுகையைத் தாங்கும் பலம் கூடும். விக்டோரியாவுக்கு அப்படி ஒரு விரிவாக்கம் ஆராயப்பட்டும் இருக்கிறது. மேலேற்றிச் சேமிப்பது நாலாவது. எண்ணெய் கடைசி.

தம்பி இன்னொன்றைச் சேர்க்கச் சொன்னான், அதுவும் சேர்கிறது. மீடிறன் அளவு மீறித் தாழ்ந்தால், நாட்டைக் காப்பாற்ற சில மின்வழிகள் தானாகவே அறுபடும். அப்படி ஒரு இரவு அவன் பெக்டரியில் கரண்ட் போனது. ரோலரில் அரைத்து இறக்கிய தூள் புளித்துக்கொண்டிருந்தது, டிரையர் நின்றுவிட்டது, ஜெனரேட்டர் எடுக்கவில்லை. கையில் டோர்ச்சை வைத்துக்கொண்டு அவன் எரிபொருள் குழாயைக் கழற்றிக்கொண்டிருக்க, அந்த முழுத் தூளும் கறுத்துப் போனது. மேலே லயத்தில் ஒரு பிள்ளைக்கு ஆவி பிடிக்கும் மெஷினும் நின்றிருந்தது. எந்த மின்வழி எந்த வரிசையில் அறுபடும் என்ற பட்டியல் மலையகத்தின் ஒவ்வொரு தோட்டத்துக்கும் முன்கூட்டித் தெரிய வேண்டும். ஆஸ்பத்திரியும் பெக்டரியும் லயமும் ஒரே கம்பியில் தொங்கும் இடங்களில் அதைப் பிரித்துத் தர வேண்டும். இது எங்கள் இரண்டாவது பக்கத்தின் முதல் வரி.